நாற்காலி வாங்கும் முன் மேசையை அளந்து பாருங்கள்

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். நாளொன்றுக்கு 8 மணி நேரமாவது மேசை முன்னால் உட்கார்ந்திருப்பேன். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மார்கழியில் அது 11, 12 மணி நேரம் வரை நீண்டுவிடும். அதனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் எந்த நாற்காலி வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் கம்பெனிப் பெயர் எதையும் சொல்லாமல், உங்கள் மேசை எவ்வளவு உயரம் என்று திருப்பிக் கேட்பேன். இது சிலருக்கு எரிச்சலூட்டுகிறது என்பது தெரிந்ததால், காரணத்தை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில், தலைவரைக்கும் முதுகு உயர்ந்த, கறுப்பு ரெக்சின் போட்ட 'பாஸ் சேர்' ஒன்றை 14,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். குளிரூட்டிய கடையில் இரண்டு நிமிடம் சாய்ந்து பார்த்தபோது சிம்மாசனமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சித்திரை வெயிலில் முதுகு ரெக்சினோடு ஒட்டிக்கொண்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மதியத்துக்குள் தொடையின் அடிப்பகுதி மரத்துப்போகும். மாலையில் கணுக்காலை அழுத்தினால் விரல் பதியும். தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். நாற்காலியில்தான் கோளாறு என்று கடைக்காரரை ஒரு மாதம் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பிசியோதெரபி பார்க்கும் அம்மையார் ஒருவர்தான், என் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பாகவே, வீட்டுக்குப் போய் டேப்பை வைத்து மூன்று அளவுகளை எடுத்துவரச் சொன்னார்.

என் உயரம் 5 அடி 1 அங்குலம். பாதம் தரையில் படிந்திருக்க, முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து பதினைந்தரை அங்குலத்தில் இருந்தது. உட்கார்ந்த நிலையில் கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், அது இருக்கையிலிருந்து எட்டரை அங்குல உயரத்தில் நின்றது. இரண்டையும் கூட்டினால் 24 வருகிறது. அதாவது தோளை உயர்த்தாமல் நான் தட்டச்சு செய்ய வேண்டுமானால், விசைப்பலகை ஏறக்குறைய 24 அங்குலத்தில் இருக்க வேண்டும். என் மேசையோ, கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மேசைகளைப் போலவே, 30 அங்குலம். மேசைக்கு ஏற்ப நாற்காலியை உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்கும். காலுக்கு ஏற்பத் தாழ்த்தினால் தோள் ஏறும். இந்த 6 அங்குலத்தை எத்தனை ஆயிரம் ரூபாய் நாற்காலியாலும் சரிசெய்ய முடியாது.

இதில் நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அலுவலக நாற்காலிகளின் உயரத்தைத் தீர்மானிக்கும்போது காலில் ஷூ இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஓர் அங்குல அளவுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். நாமோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உட்காருகிறோம். அந்த ஓர் அங்குலமும் நம் கணக்கில் கழிந்துபோகிறது. பழைய கம்ப்யூட்டர் மேசைகளில் இழுத்தால் வெளியே வரும் கீபோர்டு தட்டு ஒன்று இருக்குமே, அது மேசைப் பரப்பைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருந்ததால் குட்டையானவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. மடிக்கணினி வந்ததும் அந்த மேசைகளையெல்லாம் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். நானும்தான் போட்டேன்.

தட்டு இல்லாத குறைக்கு, தச்சரை வரவழைத்து மேசைக்காலையே வெட்டச் சொன்னேன். "நல்ல தேக்கும்மா, ஐயா காலத்து மேசை. சேரை மாத்தாம இதைப் போய் அறுக்கச் சொல்றீங்களே" என்று அவர் வருத்தப்பட்டார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நான்கு கால்களிலும் மூன்று அங்குலத்தில் சுற்றிக் கோடு போட்டு அறுத்தார். நிமிர்த்தி வைத்தபோது ஒரு கால் ஒரு நூல் அளவு ஆடியதால், அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம் உப்புத்தாள் தேய்த்தார். மேசை 27 அங்குலமானது. நாற்காலியைப் பதினெட்டரையில் நிறுத்தினேன். மிச்சமிருந்த மூன்று அங்குலத்துக்குப் பரணில் கிடந்த அம்மாவின் மணைப்பலகையை இறக்கிக் காலடியில் போட்டுக்கொண்டேன். உயரம் அளந்து செய்தாற்போல் பொருந்தியது.

அதற்குப் பிறகுதான் நாற்காலியின் மெய்யான குறையே கண்ணில் பட்டது. இருக்கையின் ஆழம் எனக்கு அதிகம். முதுகு பின்னால் படியும்படி உட்கார்ந்தால், முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். எனக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. விளிம்பு குத்தாமலிருக்க முன்னால் நகர்ந்தால் இடுப்புக்குத் தாங்கல் இல்லாமல் போகும். செருப்புக்கு அளவு கேட்கும் நாம் நாற்காலிக்குக் கேட்பதில்லை. அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இருவர் வடிவமைத்து 1994இல் வெளிவந்த ஏரான் நாற்காலி ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் விற்கப்பட்டது. அதன் விலை என் போன்றோருக்குக் கட்டாது, ஆனால் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆகவே இரண்டாவது முறை வாங்கும்போது, இருக்கையை முன்பின் நகர்த்த முடிகிறதா, அதன் முன்விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா, கைப்பிடி மேசைக்கு அடியில் போகிறதா என்பவற்றையே பார்த்தேன். நம் வெக்கைக்கு வலை முதுகுதான் சரி என்பது என் அனுபவம். 'பிஃப்மா' சான்று இருக்கிறது என்று கடைக்காரர் காட்டினார். அது நாற்காலியின் உறுதியையும் பாதுகாப்பையும் சோதிக்கும் தரமே தவிர, உங்கள் இடுப்புக்கு ஒத்துவரும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல. கார்ப் பந்தய இருக்கையைப் பார்த்துச் செய்த கேமிங் நாற்காலியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வளைவில் கார் திரும்பும்போது ஆளைப் பிடித்துவைக்கத்தான் அந்தப் பக்கவாட்டு மேடுகள். மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு அவை எதற்கு?

தரையில் உட்காருவதே நல்லது, அந்தக் காலக் கணக்குப்பிள்ளைகள் அப்படித்தானே எழுதினார்கள் என்று யாராவது சொல்லக்கூடும். அவர்களுக்கு முன்னால் சரிவான பலகை கொண்ட சாய்வு மேசை இருந்தது. ஏடு கண்ணை நோக்கி எழும்பி நின்றது. மடிக்கணினியில் திரையும் விசையும் ஒட்டியே இருப்பதால், தரையில் வைத்தாலும் மேசையில் வைத்தாலும் கழுத்து குனியத்தான் வேண்டும். நான் அதை நான்கு தடித்த அகராதிகளின் மேல் ஏற்றிவிட்டு, தனி விசைப்பலகை வைத்துக்கொள்கிறேன். முதுகைச் செங்குத்தாக விறைத்து வைப்பதையும் விட்டுவிட்டேன். சற்றே பின்னால் சாய்ந்தால் முதுகுத்தண்டின் மேல் விழும் பாரம் குறைகிறது. இவ்வளவுக்குப் பிறகும் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

அந்த 'பாஸ் சேர்' இப்போது என் அண்ணன் மகனிடம் இருக்கிறது. அவன் 5 அடி 11 அங்குலம். "இவ்ளோ நல்ல சேரை ஏன் அத்தை குடுத்துட்டீங்க?" என்று போன வாரம்கூடக் கேட்டான்.