புண்பட்டது எத்தனைக்கு எத்தனை?

கதிரேசன்: அக்கா, அவசரமா ஒரு ஃப்ளெக்ஸ் வேணும். நாளைக்குக் காலைல பஸ் ஸ்டாண்டு முன்னால கட்டணும். சினிமா விஷயம்.

ஈஸ்வரி: வா தம்பி. "வெற்றிநடை போட வாழ்த்துகிறோம்"தானே? டிசைன் ரெடியா கிடக்கு. ஹீரோ மூஞ்சிய மட்டும் மாத்தணும்.

கதிரேசன்: வாழ்த்தெல்லாம் இல்லக்கா. படத்தைத் தடை பண்ணச் சொல்லி.

ஈஸ்வரி: அதுவும் ரெடியா கிடக்கு. "மனதைப் புண்படுத்தும் புள்ளி புள்ளி புள்ளி திரைப்படத்தைத் தடை செய்!" புள்ளில படத்துப் பேரைப் போட்டா முடிஞ்சது. புண்பட்டது எத்தனைக்கு எத்தனை?

கதிரேசன்: என்னதுக்கா?

ஈஸ்வரி: அளவு தம்பி. போன வாரம் வந்தவர் 6க்கு 4தான் புண்பட்டிருந்தாரு.

கதிரேசன்: நம்ம சங்கத்துக்கு அது பத்தாது. 10க்கு 8 போடுங்க.

(எந்தச் சங்கம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கும் ஒரு 10க்கு 8 வரும்.)

ஈஸ்வரி: 80 சதுர அடி, அடிக்கு 14 ரூபா. 1,120 ஆச்சு. கட்டையும் கயிறும் தனி. தலைவர் படம் இருக்கு. உன் போட்டோ?

கதிரேசன்: வாட்ஸப்ல அனுப்பிட்டேன், பாருங்க.

ஈஸ்வரி: இது உன் கல்யாண ரிசப்ஷன்ல எடுத்தது. இம்புட்டுப் பல்லு தெரியுது. மனசு புண்பட்டவன் மாதிரியே இல்லையேப்பா.

கதிரேசன்: புருவத்தை மட்டும் கொஞ்சம் இறக்கி விடுங்க. வாய்க்கு மேல தலைவரோட வட்டத்தை வெச்சிரலாம்.

ஈஸ்வரி: சரி, படம் பாத்தியா?

கதிரேசன்: எப்படிக்கா பாப்பேன்? பாத்தா புண்பட்டுரும்ல!

ஈஸ்வரி: அதுவும் சரிதான். பேரைச் சொல்லு.

கதிரேசன்: இருங்க, குரூப்ல வாய்ஸ் வந்துச்சு... ஆங். "ஒரே ஒரு கிராமத்திலே". அநியாயம் பண்ணியிருக்காய்ங்களாம். டீசர்கூட விடாம கமுக்கமா வெச்சிருக்காய்ங்க.

ஈஸ்வரி: கிராமத்திலயா, கிராமத்திலேயா? ஸ்பெல்லிங் பாத்துக்கறேன். தப்பா அடிச்சுட்டு அப்புறம் எங்கிட்டச் சண்டைக்கு வருவீங்க... தம்பி.

கதிரேசன்: சொல்லுங்கக்கா.

ஈஸ்வரி: இதுல லட்சுமி நடிச்சிருக்காங்க.

கதிரேசன்: புதுமுகமா?

ஈஸ்வரி: இது 80கள்ல எடுத்த படம்ப்பா! யு சர்டிஃபிகேட் குடுத்து, சென்னை ஹைகோர்ட்டு அதை ரத்து பண்ணி, 1989 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு அதைத் திருப்பிக் குடுத்து, தேசிய விருதும் வாங்கியாச்சு. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே புண்ணு ஆறி, தழும்பே மறைஞ்சு போச்சு.

கதிரேசன்: அப்ப குரூப்ல "உடனே பகிரவும்"னு போட்டிருந்துச்சே?

ஈஸ்வரி: உடனேன்னா என்னைக்கு உடனேன்னு கேட்டியா?

கதிரேசன்: கதை என்னக்கா? தலைவர் கேப்பாரு.

ஈஸ்வரி: பிராமணப் பொண்ணு ஒருத்தி பொய்யா சாதிச் சான்றிதழ் வாங்கி அரசாங்க உத்தியோகத்துக்குப் போறா. இடஒதுக்கீட்டை சாதிக்குப் பதிலா வருமானம் பாத்துக் குடுக்கணும்னு படம் பேசுது. எங்கப்பா அந்தக் காலத்துல பேனர் வரையுற ஆர்ட்டிஸ்ட்டு. இடஒதுக்கீட்டுல படிச்சு மேல வந்த தம்பி அவருக்கு இருந்தாரு. தீர்ப்பைப் பேப்பர்ல படிச்சுட்டு, "படம் சொல்றது தப்பு, கோர்ட்டு சொல்றது சரி"ன்னு சொல்லிட்டு மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கிட்டாரு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னாரு தம்பி. இப்ப அப்படி ஒரு ஆளைக் காட்டு, நான் ஓசில அடிச்சுத் தர்றேன்.

கதிரேசன்: கோர்ட்டு என்னதான் சொல்லுச்சு?

ஈஸ்வரி: ஊர்வலம் போவேன், ரகளை பண்ணுவேன்னு மிரட்டுறாங்கன்னு படத்தை நிறுத்தக்கூடாது, பாதுகாப்பு குடுக்க வேண்டியது அரசாங்கத்தோட பொறுப்புன்னு. அப்படியும் நிறுத்தணும்னா, வெடிமருந்துப் பீப்பாய்ல விழுந்த தீப்பொறி மாதிரி ஆபத்து பக்கத்துல இருக்கணுமாம்.

கதிரேசன்: பீப்பாய் நல்லா இருக்கே! என் போட்டோவுக்குப் பின்னால ஒண்ணு வெச்சு விடுங்க.

ஈஸ்வரி: வெச்சாச்சு. ஆனா படம்?

கதிரேசன்: மைக் செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுக்கா, இனிமே நிறுத்த முடியாது. வேற ஏதாச்சும் படத்தைச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?

(இதைத்தான் என் காதால் கேட்டேன். நோட்டீஸ் அடிக்கப் போன இடத்தில், பக்கத்து ஸ்டூலில். மற்றதை நான் சேர்த்திருக்கலாம், இதைச் சேர்க்கவில்லை.)

ஈஸ்வரி: 2018 தீபாவளிக்கு "சர்கார்" வந்துச்சு. இலவச மிக்ஸியைத் தீயில போடுற மாதிரி சீன். ஆளுங்கட்சிக்காரங்க தியேட்டர் வாசல்ல பேனரைக் கிழிச்சாங்க. சீனை வெட்டினாங்க. வெட்டின சீனைத் தியேட்டருக்குப் போகாதவனும் செல்லுல பாத்தான்.

கதிரேசன்: உங்க பேனரையுமா கிழிச்சாங்க?

ஈஸ்வரி: ஏன் தம்பி வருத்தப்படுற? மறுநாளே அதே சைஸ்ல மறு ஆர்டர். மிக்ஸி மனசு புண்பட்டதுல என் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன்.

கதிரேசன்: அதையும் சேர்த்துக்கங்க.

ஈஸ்வரி: "சர்கார்", சேர்த்தாச்சு. 2013ல "விஸ்வரூபம்". 144 போட்டு ரெண்டு வாரம் தமிழ்நாட்டுல நிறுத்தி வெச்சாங்க.

கதிரேசன்: அது தெரியும்க்கா! நாங்க வேன் புடிச்சுப் பாலக்காட்டுக்குப் போயில்ல பாத்தோம்! என்னா கூட்டம்! தடைன்னு சொன்னதுக்கப்புறம் வீட்ல இருக்க முடியுமா?

ஈஸ்வரி: புண்பட்டுச்சா?

கதிரேசன்: அதுல ஒண்ணும் வெளங்கல. பாதிக்கு மேல இங்கிலீஷு. ஆனா பிரியாணி நல்லா இருந்துச்சு. அதையும் சேர்த்துக்கங்க.

ஈஸ்வரி: "சண்டியர்"னு ஒரு படம். பேரைக் கேட்டே எதிர்ப்பு வந்து "விருமாண்டி"ன்னு மாத்தினாங்க.

கதிரேசன்: எதைத் தடை பண்றது, பழைய பேரையா புதுப் பேரையா?

ஈஸ்வரி: ரெண்டையும் போட்டா அளவு 20க்கு 10 ஆகும். 200 சதுர அடி, 2,800 ரூபா.

கதிரேசன்: சங்கப் பணம்தானே? போடுங்க.

ஈஸ்வரி: இன்னொண்ணு இருக்கு, எங்க தாத்தா காலத்துது. "தியாகபூமி". 1939ல வந்துச்சு, அடுத்த வருஷம் வெள்ளைக்காரன் தடை போட்டான். உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் மெட்ராஸ் கெயிட்டி தியேட்டர்ல ஓசியா ஓட்டினாங்களாம். சனம் அலைமோதி, கடைசில போலீஸ் தடியடி.

கதிரேசன்: அப்படி என்னக்கா இருந்துச்சு அதுல?

ஈஸ்வரி: வெள்ளைக்காரனுக்குக் காங்கிரஸ் கொடி உறுத்துச்சு. நம்மாளுக்கு உறுத்தினது வேற. பொண்டாட்டிய வேண்டாம்னு விட்டவன், அவளுக்குச் சொத்து வந்ததும் சேர்ந்து வாழணும்னு கோர்ட்டுக்குப் போறான். அவ, "உங்கூட வர முடியாது. வேணும்னா மாசாமாசம் ஜீவனாம்சம் உனக்கு நான் தர்றேன்"ங்கிறா.

கதிரேசன்: பொம்பளை ஆம்பளைக்கா?! எக்கா, இது நம்ம கலாச்சாரத்துக்கே... இது எப்ப ரிலீஸ்?

ஈஸ்வரி: இப்பத்தான் சொன்னேன், 1939.

கதிரேசன்: பரவால்ல, அதை முதல்ல போடுங்க. சிவப்புக் கலர்ல. எழுத்துக்கு மஞ்சள் பார்டர்.

ஈஸ்வரி: போட்டாச்சு. தம்பி, ஒண்ணு கேக்கவா? கடை ஆரம்பிச்சு 18 வருஷம். சாமிக்குப் புண்பட்டு வந்திருக்காங்க, சாதிக்கு வந்திருக்காங்க, தலைவருக்கு வந்திருக்காங்க, மிக்ஸிக்கே வந்திருக்காங்க. வேண்டாம்னு சொல்ற பொண்ணு பின்னாலயே ரெண்டரை மணி நேரம் சுத்தி, கன்னத்துல அறைஞ்சு, கடைசில அவளே ஐ லவ் யூ சொல்ற படத்துக்கு இந்தக் கடைல ஒரு ஆர்டர் வந்ததில்ல. 2க்கு 2கூட வந்ததில்ல. என் பொண்ணு டியூஷன் போற வழில ஒருத்தன் அதே டயலாக்கை மனப்பாடமா சொல்றான்.

கதிரேசன்: அது படம்தானேக்கா. அதெல்லாம் ஜாலியா எடுத்துக்கணும்.

ஈஸ்வரி: ...

கதிரேசன்: என்னக்கா, கம்ப்யூட்டர் நின்னுருச்சா?

ஈஸ்வரி: இல்ல, ஓடுது. அனுமதி நம்பர் குடு.

கதிரேசன்: எந்த அனுமதி?

ஈஸ்வரி: பேனர் கட்ட அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். அந்த நம்பரும் அச்சடிச்ச கடைப் பேரும் கீழ போடணும். இல்லேன்னா அவுத்துட்டுப் போயிருவாங்க, கேஸும் வரும்.

கதிரேசன்: என்னக்கா அநியாயம்! எங்க கருத்தைச் சொல்ல இன்னொருத்தன்கிட்ட அனுமதி வாங்கணுமா? கருத்துச் சுதந்திரமே இல்லையா இந்த நாட்ல?

ஈஸ்வரி: (டைப் அடித்தபடி) ...சுதந்திரமே... இல்லையா... இந்த... நாட்டில். ஆச்சரியக்குறி ஒண்ணு போதுமா?

கதிரேசன்: மூணு போடுங்க.