அது குப்பைக் கிடங்கு இல்லை, பங்கர்

நேற்று எல்லாரும் பகிர்ந்த அந்தப் படம். "வளவுக்குள்ள கிடந்த பழைய குப்பைக் கிடங்கை மூடியாச்சு, இனிக் கார் விடலாம்" எண்டு எழுதி, கீழ வரிசையாய் வாழ்த்து. அது குப்பைக் கிடங்கு இல்லை. பங்கர், சண்டைக் காலத்தில எறிகணைக்குத் தப்ப வீட்டுச் சனம் வெட்டின பதுங்கு குழி.

மூடுறதுக்கு முதல் எடுத்த படத்தை வடிவாய்ப் பாருங்கோ. மூண்டடி அகலம், எட்டடி நீளம், முனையில ஒரு மடக்கு. குப்பை போட ஆர் 'ட' வடிவத்தில வெட்டுறது? செல் பீஸ், அதுதான் வெடிச்ச எறிகணையின்ர துண்டு, நேராய்த்தான் பறக்கும், மூலையில திரும்பாது. அதுக்குத்தான் அந்த மடக்கு. கரையில ஒரு சாண் உயரத்துக்கு மண் திட்டி நிக்குது. வேலியோரம் ரெண்டு பனை அடிக்கட்டை. அந்தப் பனைதான் கூரை.

1990க்குப் பிறகு வடக்குக்குச் சீமெந்து கொண்டுவர அரசாங்கத் தடை. பனங்குத்திதான் கதி. பனையின்ர அடிப்பக்கம் வைரம் பாஞ்சு இறுகினது, நுனி சோத்தி, மெதுமையானது. நுனியைப் போட்டவையின்ர கூரை முதல் மாரியிலயே வளைஞ்சது. குத்தி ரெண்டு பக்கமும் ஒண்டரை அடியாவது நிலத்தில ஏறிக் கிடக்கவேணும். விளிம்போட வைச்சால் ஈரத்தில கரை இடிஞ்சு, குத்தி, மூட்டை, மண் எல்லாம் உள்ள இருக்கிறவையின்ர தலையில. அதுக்கு மேல குறுக்காய் இன்னொரு அடுக்கு, பிறகு உரப்பையில மண். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில சில இடத்தில ரெண்டு மூண்டு அடியிலயே சுண்ணாம்புக்கல் வந்திடும். அங்க மூட்டை அடுக்கி நிலத்துக்கு மேல எழுப்பினவை. அதால அங்க பள்ளத்தைத் தேடாதேங்கோ, மேட்டைத் தேடுங்கோ.

"இடம் தேவைதானே?" தேவைதான், மூடுங்கோ. பிள்ளையள் விழும், பாம்பு கிடக்கும், அதுவும் சரி. மூட முதல் ஒரு நாடா பிடிச்சு அளந்து, நாலு பக்கமும் படம் எடுங்கோ எண்டுதான் கேக்கிறன். அரை மணித்தியால வேலை.

"பழசைக் கிளறாதேங்கோ" எண்டு ஒருத்தர். நான் கிளறேல்லை ஐயா, அது காலுக்குக் கீழயே கிடக்கு. 1939இல பிரிட்டன் அரசாங்கம் வீட்டுத் தோட்டங்களில பதுங்கு குழி அமைக்க அண்டர்சன் எண்ட தகரக் கூடு குடுத்தது, குறைஞ்ச வருமானக்காரருக்கு இலவசமாய். எத்தினை குடுத்தது எண்டு அவையளிட்டக் கணக்கு இருக்கு. எங்களுக்கு ஆர் தந்தது? மண்வெட்டியும் வீட்டுச் சனமும்தான். ஒரு கோப்பும் இல்லை, ஒரு இலக்கமும் இல்லை. அந்தப் பள்ளம் மட்டும்தான் எங்கட கணக்கு. அதையும் குப்பைக் கிடங்கு எண்டால் நெஞ்சு நோகுது.

2009இல, சண்டையின்ர கடைசி நாளில, முள்ளிவாய்க்கால் மணலில கரை நிக்காமல் சரிஞ்சுகொண்டே இருந்தது. பை இல்லை. பெண்கள் சேலையைக் கிழிச்சுத் தைச்சு மண் நிரப்பினவை, கூறைச்சேலையும்தான். நைலெக்ஸ், அதுதான் நைலோன் சேலை, மண்ணுக்குள்ள லேசில உக்காது. இழுத்தால் கரைப்பூ இன்னும் தெரியும்.

ஆனால் நீங்களே இழுக்கவேண்டாம். உலோகம் ஏதும் தட்டுப்பட்டால் அது வெடிக்காத செல்லாய் இருக்கலாம்; மண்வெட்டியை அப்பிடியே வைச்சிட்டு, விலகி நிண்டு கிராம அலுவலருக்குச் சொல்லுங்கோ.

படம் போட்ட தம்பிக்கு: குத்தியை எடுக்காமல் மேல மண் போட்டிருந்தால் அது உக்கி உள்ள வெறுமையாகும், கார்ச் சில்லு தாழும். எப்பிடியும் திரும்பத் தோண்டத்தான் வேணும். அப்ப நாடாவைக் கொண்டுபோங்கோ. குத்தியை அடுப்புக்கு வைச்சிடாதேங்கோ.