கோர்னர் கிக் நேரத்தில் தேத்தண்ணி ஊற்றப் போகலாமா?

நேற்றுப் பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் தொடங்கிய சண்டை இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் முடிந்தது. முடிந்தது என்று சொல்வதும் பிழை, மருமகன் இன்னும் வொய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறான். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. மன்செஸ்டர் யுனைட்டட்டின் ஆகச் சிறந்த கோல் கீப்பர் யார்? அண்ணனுக்கு ஷ்மைக்கல். மருமகனுக்கு டி ஹேயா (டி கீயா என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், அதற்காகவே நாங்கள் அப்படிச் சொல்வோம்). எனக்கு வன் டெர் சார். நடுவில் கச்சான் சுருளோடு வந்து குந்திய லிவர்பூல்காரர் ஒருவர் அலிசன் என்றார். அவருடைய கச்சானை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அங்கே என்னை ஒரு வசனம் முழுதாகப் பேச விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், இங்கே யாரும் குறுக்கே கத்த முடியாது.

முதலில் எனக்கு இதில் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் பள்ளிக்கூட நாட்களில் கீப்பர் நின்றவன். விரும்பி நின்றவன் இல்லை, ஓட முடியாதவனைக் கோல் போஸ்டுக்குள் தள்ளிவிடுவதுதானே எல்லா ஊரிலும் வழக்கம். கையுறைக்குக் காசில்லை, வெல்டிங் கடை ஒன்றில் கழித்துப்போட்ட தோல் கையுறைதான் என் முதல் ஜோடி. காய்ந்திருந்தால் பந்து ஓரளவு ஒட்டும், மழை பெய்தால் சவர்க்காரம் பிடிப்பது மாதிரி. ஏகாம்பரம் மைதானத்தில் ஆனி ஆடி மாதத்தில் கச்சான் காற்று (கொறிக்கிற கச்சான் இல்லை) புழுதியை அள்ளிக்கொண்டு வரும்போது காற்றுக்கு எதிரே கோல் கிக் அடித்தால் அது பாதி வழியில் யோசித்து நின்றுவிட்டு எதிரணிக்காரனின் காலடியில் விழும். கோட்டைப் பக்கத்து மான்கள் சில நாட்களில் இந்தப் பக்கம் வந்து கோலுக்குப் பின்னால் நின்று புல் மேயும். நான் விட்ட கோல்களை ஆகக் கிட்ட நின்று பார்த்தது அவைதான்.

அந்த மைதானத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. கோர்னர் கிக் உயர்ந்து வரும்போது என்னுடைய டிஃபென்ஸ் பெடியன்கள் இரண்டு பேரும் பந்தைப் பார்க்கமாட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவன் வெளியே வருவானா, உள்ளேயே நிற்பானா என்று ஒரு பார்வை. அந்த அரை வினாடிக்குள் எதிரணிக்காரன் தலையால் இடித்து முடித்துவிடுவான். அது என் பிழை, அவர்களுடையது இல்லை. என்னை நம்பியிருந்தால் அவர்கள் ஏன் திரும்பப் போகிறார்கள்?

ஆகவே நான் கீப்பரை அளப்பது அவர் பிடித்த பந்துகளை வைத்து அல்ல. அவருக்கு முன்னால் நிற்கிறவன் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறான் என்பதை வைத்து. டிவிக்கு முன்னால் இருக்கிற எனக்கு இதில் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. எதிரணிக்குக் கோர்னர் கிடைத்திருக்கிறது, இப்போது நான் எழும்பி அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரலாமா, முடியாதா?

சரி, அண்ணனுடைய ஆளுக்கு வருவோம். பீற்றர் ஷ்மைக்கல் 1991 இல் டென்மார்க்கின் பிரொன்பி கழகத்தில் இருந்து வந்தார், விலை 505,000 பவுண். அப்போதைய மனேஜர் ஃபெர்குசன் பின்னாளில் இதை நூற்றாண்டின் மலிவான பேரம் என்ற மாதிரிச் சொன்னார், அதில் மறுப்பு இல்லை. எட்டு சீசன், ஐந்து லீக் பட்டம். கையையும் காலையும் நாலு திசைக்கும் விரித்துப் பாய்கிற அந்தப் பாய்ச்சல் ஹேண்ட்போல் விளையாட்டில் இருந்து கொண்டுவந்தது, இன்றைக்கு எல்லா கீப்பரும் செய்கிறார்கள், அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் இவர் என்ன நட்சத்திர மீனா என்று நினைத்திருப்பார்கள். 1999 ஏப்ரலில் எஃப்ஏ கிண்ண அரையிறுதி மறு ஆட்டம், ஒன்றுக்கு ஒன்று, கீன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே, மேலதிக நேரத்துக்குப் போகிற தறுவாயில் ஆர்சனலுக்குப் பெனல்டி. பேர்க்காம்ப் அடித்ததை அவர் தட்டினார். அது போயிருந்தால் கிக்ஸ் தனியாக ஓடிப்போய் அடித்த அந்த வெற்றிக் கோலும் இல்லை, அந்த சீசனின் மூன்று கிண்ணமும் இல்லை. அடுத்த மாதம் பார்சலோனாவில் பயர்னுக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் கப்டனும் அவர்தான். கடைசி நிமிடத்தில் கோர்னருக்கு எதிரணி பொக்ஸுக்குள்ளேயே ஓடிப்போனார், அந்தக் குழப்பத்தில்தான் ஷெரிங்ஹாமின் கோல் விழுந்தது. அண்ணன் அப்போது கொழும்பில் வேலை, அறை நண்பர்களோடு நள்ளிரவு கடந்து நேரடியாகப் பார்த்தவர். நான் ஊரில் இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் படம் பார்த்தவன். இருபத்தைந்து வருடமாக இதைச் சொல்லிச் சொல்லியே என்னை அடக்குகிறார்.

ஆனால் ஒன்று. ஷ்மைக்கல் கத்துவார். தன்னுடைய டிஃபென்ஸ் ஆட்கள் புரூஸையும் பலிஸ்டரையும் முகத்துக்கு நேரே நின்று கழுவி ஊற்றுவார். பந்தைப் பிடித்துவிட்டும் கத்துவார். அது வேலை செய்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிற்கும்போது என்னால் தேத்தண்ணி ஊற்றப் போக முடியாது, என்னவோ நடக்கப் போகிறது என்று இருக்கும். அப்புறம் 2002 இல் அவர் எங்கே போய் விளையாடினார் என்பதையும் அண்ணன் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மன்செஸ்டர் சிட்டி, யுனைட்டட்டின் அதே ஊர் எதிரி. நான் வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் போனதற்குப் பிறகு வந்த ஆறு வருடத்தை யாரும் விவாதத்துக்கு எடுப்பதில்லை. பொஸ்னிச், தய்பி, பார்த்தேஸ், கரோல், ஹவர்ட் என்று வரிசை. தய்பி பாவம், 1999 செப்டம்பரில் சவுதம்டனின் லெ திசியே தூரத்தில் இருந்து மெதுவாக உருட்டிவிட்ட பந்து அவருடைய கால்களுக்கு நடுவால் போனது. மொத்தம் நாலே நாலு லீக் ஆட்டம், அத்தோடு சரி. எனக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது, அதனால் நான் சிரிக்கமாட்டேன். கரோல் நழுவவிட்ட பந்து கோட்டைத் தாண்டி நல்லாய் உள்ளே போய் விழுந்ததும், அவர் அதை வெளியே வாரிவிட்டதும், நடுவர் கோல் கொடுக்காததும் 2005 ஜனவரி 4. டொட்டன்ஹாமோடு ஆட்டம். உலகம் முழுக்க அதைப் பற்றிப் பேசினார்களாம். சுனாமி வந்து ஒன்பதாவது நாள் அது. எங்கள் ஊரில் ஒருவரும் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அப்படி ஒன்று நடந்ததே மாசக் கணக்குக் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருடம்தான் எட்வின் வன் டெர் சார் வந்தார். ஃபுல்ஹாமில் இருந்து, 34 வயதில். கிழவனை எதற்கு எடுக்கிறார்கள் என்று முதலில் சொன்னவன் நான், ஒப்புக்கொள்கிறேன். ஆறு சீசன் நின்றார், நாலு லீக் பட்டம், 40 வயதில் சம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தோடு ஓய்வு.

அவருடைய சிறந்த சேவ் எது என்று மருமகன் கேட்டான். மொஸ்கோவைத் தவிர ஒன்றும் உடனே வாயில் வரவில்லை. அவன் வென்றுவிட்ட மாதிரிச் சிரித்தான். அதுதானடா நான் சொல்ல வருவது! 2008-09 சீசனில் லீக்கில் 1,311 நிமிடம் அவரைத் தாண்டி ஒரு பந்து உள்ளே போகவில்லை. நவம்பரில் இருந்து மார்ச் வரை. அதில் யாருக்காவது ஒரு சேவ் ஞாபகம் இருக்கிறதா? அவர் பாயத் தேவையில்லாத இடத்தில் முன்கூட்டியே நின்றார். கிராஸ் வந்தால் இரண்டடி முன்னால் வந்து கடையில் பாண் எடுக்கிற மாதிரி எடுத்தார். பின்னுக்குப் பந்து கொடுத்தால் இரண்டு காலாலும் அமைதியாய் மறுபக்கம் அனுப்பினார். அது டிஃபென்ஸில் நின்ற விடிச்சும் பேர்டினண்டும் செய்த வேலை என்று அண்ணன் வாதாடினார். நான் கேட்டேன், அந்த இருவரும் எப்போதாவது திரும்பிப் பார்த்ததை நீங்கள் கண்டீர்களா? விடிச் பந்தோடு சண்டை போட மனதை முழுசாய்க் கொடுத்தான் என்றால், பின்னால் யார் நிற்கிறார் என்ற கவலை அவனுக்கு இல்லை. அந்த 1,311 நிமிடம் முடிந்ததும் ஒரு சாதாரணத் தவறால்தான், நியூகாசிலில் கைக்கு வந்த பந்தை விட்டார், லோவன்கிரான்ட்ஸ் தட்டிப் போட்டார். அவரும் மனிசன்தான்.

மொஸ்கோ. 2008 மே. செல்சியோடு சம்பியன்ஸ் லீக் இறுதி, பெனல்டி வரைக்கும் போய்விட்டது. எங்கள் நேரம் விடிய மூன்று மணி இருக்கும். அந்த யுத்தக் காலத்தில் இருட்டினால் தெருவில் நாய் மட்டும்தான் நடக்கும், நடுச்சாமத்தில் ஒரு வீட்டில் இருந்து கத்தல் கேட்டால் ஒழுங்கை முழுக்க வேறு விதமாக நினைத்துப் பயந்துவிடும். அதனால் டிவி சத்தத்தை ஒன்றில் வைத்து, லைற்றை அணைத்து, தலகாணியை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். ரொனால்டோ பெனல்டியை விட்டுவிட்டான். டெரி அடித்தால் செல்சிக்குக் கிண்ணம், டெரி மழையில் வழுக்கினான், போஸ்டில் பட்டு வெளியே. பிறகு அனெல்கா. செல்சிக்காரர்கள் பெரும்பாலும் ஒரே பக்கம், கீப்பரின் இடப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வன் டெர் சார் இரண்டு கையையும் விரித்து நின்றவர், இடக் கையை நீட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினார். இங்கேதானே அடிக்கப் போகிறாய், தெரியும் என்கிற மாதிரி. அனெல்காவின் முகத்தைப் பார்த்தால் தெரியும், ஆள் அந்த நொடியிலேயே குழம்பிவிட்டான். மறுபக்கம் அடித்தான். வன் டெர் சார் வலப் பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். நான் தலகாணியைக் கடித்துக்கொண்டு கத்தினேன். அம்மா அறைக்குள் இருந்து “என்னடா, வயித்துக்குத்தா?” என்று கேட்டார்.

டி ஹேயாவைப் பற்றி நான் குறைவாகப் பேசினால் மருமகன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவான், அதற்காக இல்லாமல் நியாயத்துக்காகவும் சொல்ல வேண்டும். 2011 இல் அட்லற்றிகோ மட்ரிட்டில் இருந்து வந்த மெலிந்த பெடியன், முதல் மாதங்களில் ஆங்கிலேய முரட்டு ஃபோர்வட்கள் அவனைப் பந்தோடு சேர்த்து உள்ளே தள்ளினார்கள். பிறகு யுனைட்டட் கீப்பர்களிலேயே அதிகமாக, 545 ஆட்டம். கழகத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருது நாலு தடவை. 2017 டிசம்பரில் ஆர்சனலுக்கு எதிராக 14 சேவ், எங்கள் நேரம் இரவு 11 மணிக்குத் தொடங்கிய ஆட்டம், லக்கசெத்தும் சான்செஸும் அடுத்தடுத்து அடித்ததைக் கையாலும் காலாலும் தடுத்த அந்த ஒரு நிமிடத்துக்கே டிக்கெட் காசு சரி. கால் நீட்டித் தடுப்பதில் அவனைப் போல ஒருவன் இல்லை.

ஆனால் ஒரு கழகத்தின் சிறந்த வீரர் விருதைக் கோல் கீப்பர் திரும்பத் திரும்ப வாங்குகிறார் என்றால் அந்தக் கழகத்துக்கு என்ன வருத்தம் என்று யோசிக்க வேண்டாமா? வீட்டுக்கு அடிக்கடி டொக்டர் வருகிறார் என்று பெருமைப்படுகிற மாதிரி இருக்கிறது. அந்த வருடங்களில் கோர்னர் வந்தால் நான் எழும்பியதே இல்லை. அவன் கோட்டை விட்டு வெளியே வரமாட்டான், டிஃபென்ஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும், பிறகு அவனே அதிசயம் செய்து காப்பாற்றுவான். 2021 இல் வியாரியலோடு யூரோப்பா லீக் இறுதி, பதினொரு பெனல்டியில் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை, கடைசியில் தானே அடித்ததையும் விட்டான். அதை வைத்து நான் அவனை எடைபோடவில்லை. ஆனால் அன்றைக்கு மருமகன் சாப்பிடாமல் படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவு நேரமும் பேசாமல் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற சேர். வயது எண்பதுக்குக் கிட்ட. அவருடைய தகப்பன் இங்கே கடற்படை டொக்யாட்டில் வேலை செய்தவர், பிரிட்டிஷ் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது வீட்டில் மிஞ்சியது ஒரு பழைய ரேடியோவும் மன்செஸ்டர் என்ற பெயரும்தான் என்பார். அடுத்த வருடம் பெப்ரவரி 6, யுனைட்டட் அணி வந்த விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளானது, அந்தச் செய்தியைத் தகப்பன் கேட்டுவிட்டு எழும்பி வெளியே போனது அவருக்கு நினைவிருக்கிறதாம். “ஹரி கிரெக்கை ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?” என்று கேட்டார். அந்த விமானத்தில் இருந்து தலையில் அடிபட்டு வெளியே வந்த யுனைட்டட் கீப்பர், எரியக்கூடிய விமானத்துக்குள் திரும்பிப் போய் ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார், அதன் கர்ப்பிணித் தாயையும், பிறகு சக வீரர்கள் பொபி சார்ள்டனையும் வயலட்டையும் இழுத்து எடுத்தார். 13 நாள் கழித்து மைதானத்தில் நின்றார். அந்த வருட உலகக் கிண்ணத்தில் சிறந்த கீப்பரும் அவர்தான். யுனைட்டட்டில் அவருக்கு ஒரு வெற்றிப் பதக்கம்கூடக் கிடைக்கவில்லை.

நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. லிவர்பூல்காரரும் பேசவில்லை. கிரெக்கை இந்த வரிசைக்குள் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை, சேரும் வற்புறுத்தவில்லை, 1968 ஐரோப்பியக் கிண்ண இறுதியில் யுனைட்டட் கீப்பர் ஸ்டெப்னி, பென்ஃபிக்காவின் யூசேபியோ அடித்ததைப் பிடித்ததை மட்டும் கையால் செய்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

டி ஹேயாவுக்குப் பிறகு வந்த ஒனானாவைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள். நாலாம் பிரிவுக் கழகமான கிரிம்ஸ்பியோடு தோற்ற இரவில் நான் தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

கடைசியாக இன்று காலை மருமகன் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்: “மாமா, அப்ப லாமன்ஸுக்கு உங்கட தேத்தண்ணிச் சோதனையில எத்தனை மார்க்ஸ்?” லாமன்ஸ் அன்ட்வர்ப்பில் இருந்து 2025 இல் வந்த கீப்பர் பெடியன், உயரமாய் இருக்கிறான், கிராஸுக்கு வெளியே வருகிறான், அலட்டல் இல்லை. இதுவரை கோர்னர் நேரத்தில் இரண்டு தடவை எழும்பியிருக்கிறேன். ஒரு தடவை கேத்திலை வைத்துவிட்டேன். மற்றத் தடவை அடுப்படி வாசலில் இருந்து திரும்பி ஓடி வந்துவிட்டேன்.