கதவில்லாத பெட்டியில் பார்த்த ரஷ்யர்கள்

ரஷ்யாவைப் பற்றிப் பேசுகிற நம்மவர்களில் பாதிப் பேர் பழைய சோவியத் புத்தகங்களின் வாசனையிலேயே இன்னும் இருக்கிறார்கள். மீதிப் பேருக்கு ரஷ்யா என்றால் புதின், அவ்வளவுதான். இரண்டு தரப்பிடமும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

நான் யெகாதெரின்பூர்கில் மருத்துவம் படித்தவன். முதல் நான்கு வருடம் ரஷ்யர்களைத் தெரிந்துகொள்ளாமலேயே ஓடிவிட்டது. ஹாஸ்டலில் நம் பிள்ளைகள், மெஸ்ஸில் சாம்பார் சாதம், வகுப்பில் ஆங்கிலம். வார்டில் நோயாளியிடம் பேசுகிற அளவுக்கு ரஷ்ய மொழி வந்திருந்தது. கடையில் பில் போடும் அம்மா, டிராம் கண்டக்டர் என்று எல்லோரும் முகத்தை இறுக்கி வைத்திருப்பார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

2019 ஜூனில் அங்கிருந்து இர்குத்ஸ்குக்கு ரயிலேறினேன். சுமார் 3,400 கிலோமீட்டர். மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்தோக் வரை போகும் 9,288 கிலோமீட்டர் பாதையில் அது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். இரண்டு இரவும் மூன்று பகலும் ஆகும். கையில் இருந்த காசுக்கு 'பிளாட்ஸ்கார்ட்' பெட்டிதான் கிடைத்தது. நம் ஊர் ஸ்லீப்பர் மாதிரி திறந்த பெட்டி, 54 பெர்த். எனக்கு 34, மேல் பெர்த். எதிர்ப்பக்கம் 37, 38 இரண்டும் சைடு பெர்த். கழிப்பறைக் கதவு திறந்து மூடுகிற சத்தம் இரவெல்லாம் கேட்கும். யாரும் விரும்பி எடுக்காத மூலை.

வண்டி கிளம்பியதும் எல்லோரும் வீட்டு உடுப்புக்கு மாறினார்கள், காலில் செருப்பு. ஐந்து நிமிடத்தில் பெட்டி ஒரு கூட்டுக்குடும்ப வீடாகிவிட்டது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் புரவோத்னித்ஸா அம்மா வந்து படுக்கை விரிப்புப் பொட்டலம் கொடுத்தார். தேநீர் கேட்டால் உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளர் கொடுப்பார். பெட்டியின் ஒரு முனையில் வெந்நீர்க் கொதிகலன் ராத்திரி பகல் சூடாக இருக்கும். அதில் நூடுல்ஸ் டப்பாவை நிரப்பிக்கொள்ள வருகிறவர்கள் அங்கேயே நின்று கதை பேசுவார்கள்.

எனக்குக் கீழே 33இல் ஒரு பாட்டி. மகள் வீட்டுக்குப் போகிறார். மேசைமேல் அவித்த முட்டை, முட்டைக்கோஸ் வைத்த பிரோஷ்கி, வெள்ளரிக்காய், ஒரு பாட்டில் ராஸ்பெர்ரி ஜாம். 'சாப்பிடுறியா?' என்று கேட்கவே இல்லை. என் பக்கம் நகர்த்திவிட்டு "குஷாய், சினோக்" என்றார். சாப்பிடு மகனே. முன்பின் தெரியாதவர்களை மகனே, மாமா, அத்தை, பாட்டி என்று அழைக்கிற பழக்கம் அவர்களுக்கும் உண்டு.

பிறகு என் அப்பா பெயரைக் கேட்டார். முருகேசன் என்றேன். அதிலிருந்து இர்குத்ஸ்க் வரை நான் 'முருகேசனோவிச்'. ரஷ்யர்களுக்குப் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்தே வரும். ஊர்ப்பக்கம் அப்பா பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது அன்பும் மரியாதையும் கலந்த அழைப்பு. நாம் அப்பா பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி இனிஷியலாக முன்னால் வைத்துக்கொள்கிறோம். அவர்கள் அதை வாய் நிறையச் சொல்கிறார்கள். என் அப்பா அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சிரிக்காத முகத்தைப் பற்றியும் பாட்டியிடமே கேட்டேன். காரணமில்லாத சிரிப்பு முட்டாளின் அடையாளம் என்று ஒரு பழமொழி சொன்னார். தெரியாதவரைப் பார்த்துச் சும்மா புன்னகைத்தால் அது அங்கே பொய்யாகத் தெரியும். சிரிப்பை உறவானவர்களுக்கென்று வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் நான்கு வருடம் எத்தனை பேரைத் தவறாக நினைத்திருக்கிறேன்!

தியுமென் நிலையத்தில் ஒருவர் ஏறி 35க்கு வந்தார். வடக்கே எண்ணெய் வயலில் 'வாஹ்தா' முறை வேலை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். ஓம்ஸ்க் வரை என்னை 'வி' போட்டு, அதாவது நீங்கள் என்றே பேசினார். ஓம்ஸ்க் தாண்டியதும், இனி 'தி' போட்டே பேசலாம் என்று கை நீட்டினார். நீங்கள் என்பதிலிருந்து நீ என்பதற்கு வருவதை இப்படிக் கேட்டுக்கொண்டு செய்கிற மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பராபின்ஸ்கில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்துப் பெண்களிடம் புகையூட்டிய மீன் வாங்கி வந்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரி பாட்டி சொன்னதுதான் எனக்கு ரஷ்யாவைக் கொஞ்சம் திறந்து காட்டியது. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே வருடத்தில் விலைகள் சுமார் 2,500 சதவீதம் ஏறின. கணவனும் மனைவியும் வாழ்நாளெல்லாம் சேர்த்த வங்கிப் பணம் சில மாதங்களில் ஒன்றுமில்லாமல் போயிற்று. பிறகு தொழிற்சாலையில் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அந்தக் காலத்தில் பல ஆலைகள் சம்பளத்துக்குப் பதிலாகச் செய்த பொருளையே கொடுத்தன. கண்ணாடி ஆலைத் தொழிலாளர்கள் படிகக் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையங்களில் விற்றார்கள். "மறுபடி அப்படி ஒரு காலம் வரக்கூடாது" என்று பாட்டி மூன்று முறை சொன்னார்.

அந்த பயத்தைப் புரிந்துகொள்ளாமல், இந்த மக்கள் ஏன் ஒரே ஆட்சியை இத்தனை காலம் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதில் பயனில்லை. புரிந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2018இல் ஓய்வு வயதை ஆண்களுக்கு 60இலிருந்து 65 ஆகவும், பெண்களுக்கு 55இலிருந்து 60 ஆகவும் உயர்த்தச் சட்டம் போட்டதை அந்தப் பெட்டியில் எல்லோரும் வாய்விட்டுத் திட்டினார்கள். ஆனால் பேச்சு அதற்கு மேலே போனதும் எண்ணெய் வயல்காரர் எழுந்து தேநீர் எடுக்கப் போய்விட்டார். விவாகரத்தை, மகனின் குடியை, அறுவை சிகிச்சையை எல்லாம் முதல் நாளே சொன்ன மனிதர். கதவில்லாத பெட்டியில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மௌனம் எனக்கு அன்றும் வலித்தது. 2022க்குப் பிறகு இன்னும் அதிகமாக வலிக்கிறது. உக்ரைனில் இடிந்து விழுந்த வீடுகளிலும் இதே மாதிரி ஜாம் போட்டு வைத்த பாட்டிகள்தான் இருந்தார்கள்.

38இல் வந்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைக்கால் ஏரிப் பக்கத்தில் வாழும் மங்கோலிய வழியினரான புரியாத் இனத்துப் பையன், இருபது வயது. ஒரு வருடக் கட்டாய ராணுவ சேவை முடித்து உலான் உதே பக்கம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். பௌத்தன். ரஷ்ய மொழியில் ரஷ்ய இனத்தவருக்கு 'ரூஸ்கி' என்று ஒரு சொல், நாட்டின் குடிமகனுக்கு 'ரஸ்ஸியானின்' என்று வேறு சொல். "நான் இரண்டாவது" என்றான். தமிழில் இரண்டுக்கும் நாம் ரஷ்யர் என்றே சொல்லிவிடுகிறோம்.

2022 செப்டம்பர் 21 அன்று, சேவை முடித்தவர்களில் 3 லட்சம் பேரை மறுபடி படைக்கு அழைக்கும் அறிவிப்பு வந்தது. புரியாத்தியாவில் இரவிலேயே வீடு வீடாகப் போய் அழைப்பாணை கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

இர்குத்ஸ்கில் இறங்கும்போது பாட்டியின் மூட்டைகளை அவன்தான் தூக்கி வந்து பிளாட்பாரத்தில் வைத்தான். அங்கிருந்து உலான் உதே இன்னும் 450 கிலோமீட்டருக்கு மேல். இடது பக்க ஜன்னலில் பைக்கால் ஏரி வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, புரவோத்னித்ஸா அம்மா கூப்பிடவும் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.