மெட்ரோ வந்தது, தம்பி வீட்டைக் காலி பண்ணினான்

என் தம்பி வடசென்னைத் திருவொற்றியூரை விட்டுக் குடும்பத்தோடு சிதம்பரத்துக்குக் குடிபோய்விட்டான். அதிலிருந்து சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் இதே பேச்சுதான். "இன்னாடா, பொயப்பு தேடி ஊர் உலகமே மெட்ராஸுக்கு வருது, நீ மெட்ராஸை வுட்டுட்டுப் போறே?" என்று பெரியப்பா அவனை நேராகவே கேட்டார். மற்றவர்கள் அவன் இல்லாத நேரத்தில் "கடன் தொல்லை போல" என்கிறார்கள். அவனுக்குக் கடன் கிடையாது. அவன் எடுத்தது நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அவனைப் போக வைத்தது எது என்பதை மட்டும் ஒருத்தரும் பேச மாட்டேன் என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

நாங்கள் பிறந்து வளர்ந்த இடம் எப்படிப்பட்டது என்று வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் எண்ணூர் அனல்மின் நிலையங்கள், நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை. சென்னைக்கு வேண்டிய பெட்ரோலும் கரண்டும் இங்கிருந்து போகிறது, புகையும் சாம்பலும் இங்கேயே தங்கிவிடுகிறது. மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை யூனிஃபார்மை எடுக்கும்போது உதறாமல் மடிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உதறாமல் மடித்துவிட்டால் மடிப்பில் கறுப்பாக ஒரு கோடு விழும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் பக்கெட்டும் கையுமாக அதை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனம் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தது.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு இங்கேயே இருந்ததற்கு ஒரே காரணம், வாடகை கட்டுப்படியானது.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. சந்தோஷப்பட்டோம். தேரடியில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தென்சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஆனால் பள்ளம் தோண்டிய வருஷங்களில் புழுதியைத் தின்றவர்கள் குடியிருந்தவர்கள், ரயில் வந்ததும் ஏறியது அவர்கள் தலையில் வாடகை. தம்பி இருந்தது ஒரு ஹால், ஒரு பெட்ரூம், காற்று வராத ஒரு சமையலறை. ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்குப் பதின்மூன்றாயிரம் கேட்டார் ஓனர். "மெட்ரோ பக்கத்துல இருக்கு இல்ல?" என்றார். வீட்டுக்குள் ஒரு சுவரைக்கூட அவர் மாற்றவில்லை.

வாடகையோடு முடிந்தாலும் பரவாயில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. எத்தனை வாடகைக்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? ஒரே இணைப்பில் மூன்று வீட்டுக்குச் சப்-மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே ஓனர் சொல்கிற ரேட்தான். 2017-இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. எங்கள் பக்கம் இன்னமும் பத்து மாத அட்வான்ஸ் என்பதுதான் பேச்சு. காலி பண்ணும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். பணம் கைக்கு வரும் வரை குட்டியானை வண்டி வாசலில் நின்றது, வெயிட்டிங் சார்ஜும் தம்பிதான் கொடுத்தான்.

குடிசைகளை அகற்றி, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அரசே லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், போராடியும் இருக்கிறோம். வாடகை துரத்தி அனுப்புகிற குடும்பங்களுக்கு அப்படி ஒரு கணக்குகூடக் கிடையாது. நோட்டீஸ் இல்லை, அதிகாரி இல்லை, யாரிடம் போய் முறையிடுவது? "அவனா காலி பண்ணிட்டுப் போனான்" என்ற ஒரு வரியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

சரி, ஏன் சிதம்பரம்? பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு அச்சுக்கூடத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வதும் பைண்டிங்கும் அவன் தொழில். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பும் பழக்கம் வந்த பிறகு ஆயிரம் அடித்தவர்கள் இருநூறு அடிக்கிறார்கள். சிதம்பரத்தில் ஒருவர் ஜெராக்ஸ் கடையை மெஷினோடு கைமாற்றி விடுவதாகத் தெரிந்தது, போய்ப் பார்த்தான், பிடித்திருந்தது. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அது இருக்கும் வரை படிப்பவர்கள் இருப்பார்கள், படிப்பவர்கள் இருந்தால் புராஜெக்ட்டும் தீசிஸும் இருக்கும்.

தீசிஸ் சீசனில் அவன் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பக்கங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். கைடு கடைசி நேரத்தில் தலைப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார். அதற்காக முன்பக்கம், சான்றிதழ்ப் பக்கம், அட்டை எல்லாம் திரும்ப அடிக்க வேண்டும். தம்பி பசை காய்வதற்காகக் கட்டையை வைத்து அழுத்திவிட்டு, கறுப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்தை அச்சேற்றுகிறான். அவன் கை அட்டையை விட்டு எடுக்கும் வரை அந்தப் பெண் மூச்சு விடவில்லை. கல்யாணப் பத்திரிகையில் இருபது வருஷம் பழகிய கை அங்கே வீணாகவில்லை. மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். உங்கள் கைத்தொழிலுக்கு அந்த ஊரில் வேலை இருந்தால் போங்கள். "அமைதியான ஊர், நல்ல காற்று" என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். காற்று வாடகை கட்டாது.

ஏனென்றால் கல்லூரி ஊருக்கும் அதனுடைய கஷ்டம் உண்டு. பையன்கள் லீவில் ஊருக்குப் போய்விட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். நாலு மாணவர்கள் சேர்ந்து தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தயாராக இருந்தால் குடும்பத்துக்கு வீடு கொடுக்க ஓனருக்கு மனசு வராது. ஒரே நிறுவனத்தை அண்டியிருக்கும் ஊர் என்பது இன்னும் பெரிய விஷயம். பல்கலைக்கழகம் பணநெருக்கடியில் விழுந்து 2013-இல் அரசின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு உபரி என்று சொல்லி ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாக வேறு மாவட்ட அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே சம்பளம் வாங்கி அங்கேயே செலவழித்த குடும்பங்கள் அவை. அந்த அடி மளிகைக் கடை வரை போயிருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். புயலும் வெள்ளமும்கூட நமக்கு மட்டும் வருவதில்லை. 2011 தானே புயல் கடலூர் மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

யாரும் கணக்கில் எடுக்காத ஒரு நஷ்டம் தம்பி மனைவியுடையது. திருவொற்றியூரில் அவளுக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. அளவு பிளவுஸ்கூடக் கேட்க மாட்டாள், முகத்தைப் பார்த்தே கழுத்து எவ்வளவு இறக்கம் என்று சொல்லுவாள். தீபாவளி மாதத்தில் தம்பியைவிட அவள் சம்பாத்தியம்தான் அதிகம். அதெல்லாம் ஒரே நாளில் போயிற்று. புது ஊரில் ஒருத்தருக்கும் அவளைத் தெரியாது. குடிபோகும் குடும்பத்தில் ஆம்பளையின் வேலையைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள், பொம்பளை கையிலிருந்து போன காசை யார் விசாரித்தார்கள்? இப்போது மாணவிகளின் சுடிதார் ஆல்டர் செய்வதில் தொடங்கியிருக்கிறாள். பழைய வருமானம் வர நாளாகும், அதை மறைத்து நான் இந்தப் பதிவை எழுதவில்லை.

ஆனாலும் மாதக் கடைசியில் அவர்கள் கையில் பணம் மிஞ்சுகிறது. பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள், பின்னால் கன்டெய்னர் லாரி வரவில்லை. பெரியவனுக்கு மார்கழியில் எப்போதும் வரும் மூச்சிழுப்பு இந்த வருஷம் வரவில்லை. இதைப் போனில் சொல்லும்போது தம்பிக்குக் குரல் கம்மியது.

நான் இங்கேயேதான் இருக்கிறேன். அம்மாவுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மாதாமாதம் காட்ட வேண்டும். சிதம்பரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஆனால் அம்மா பழகிய டாக்டரை விட்டு வர மாட்டேன் என்கிறார். வடசென்னையில் காற்று சுத்தமாக வேண்டும் என்று கேட்கும் அதே கூட்டங்களில் வாடகையைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நாளைக்குப் புகை குறைந்து காற்று நல்லதானால் அதற்கும் சேர்த்து ஓனர் இரண்டாயிரம் ஏற்றுவார். அமோனியா சுவாசித்த குடும்பங்கள் அப்போது எங்கே இருக்கும்? மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டிக் கட்டும் குடியிருப்புகளில் இங்கேயே வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளை ஒதுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டத்தை எங்கள் தெருக்களிலும் அமல்படுத்த வேண்டும்.

போகலாமா என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: முதலில் லீவு மாதத்தில் போய்ப் பாருங்கள், ஊர் நிரம்பி வழியும்போது போகாதீர்கள். கடை பார்க்கிறீர்கள் என்றால் அந்த மாத வியாபாரம் எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் தொழிலுக்கு அங்கே என்ன வழி என்று அவரே விசாரிக்கட்டும். சிதம்பரம் பற்றி வேறு ஏதாவது தெரிய வேண்டும் என்றால் எழுதுங்கள், தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்.