சோகம் என்றால் குடிசைதானா?

மழலையர் வகுப்புப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. மகிழ்ச்சிக்கு மாடிவீடு, கார், மூன்றடுக்குக் கேக். சோகத்துக்குக் கிழிந்த சட்டை, ஓலைக் குடிசை. படம் போடுபவருக்கு வேறு எதுவுமே தோன்றாதோ? “பூக்கார ஆயா ஏழைதானே, அப்புறம் ஏன் சிரிக்கிறார்?” என்று கேட்கிறாள் என் மகள். காரில் ஏறும்போதெல்லாம் மாடிவீட்டுக்காரர் கடுகடுவென்றிருப்பது மட்டும் அவள் கண்ணில் படுவதில்லை!

தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். நல்லது. அப்படிச் சேர்ந்த பிள்ளையும் இதே பக்கத்தைத் திறந்து, தன் வீட்டைப் போலவே இருக்கும் படத்தின் கீழ் ‘சோகம்’ என்று எழுதியாக வேண்டும். சரியாக எழுதினால் நட்சத்திரம் வேறு போடுவார்கள்.