பயமுறுத்தவில்லை, சொல்லிக்கொடுத்தேன்

நேற்று பெற்றோர் வாட்ஸாப் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், முழுக்கதையும் மறுபடி எழுதப்போவதில்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, நிலநடுக்கம் வந்து தரை ஆடினால் உடனே குனியணும், மேசைக்கு அடியில் போகணும், ஆட்டம் நிற்கும்வரை மேசைக்காலை விடக்கூடாது என்று விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு 'பிஞ்சு மனசுல ஏன் பயத்தை விதைக்கிறீங்க' என்று ஒருவர் கேட்க, அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். என்னை நன்றாகத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். ராத்திரி தூக்கமே வரவில்லை.

நான் பயமுறுத்தவில்லை. என்ன செய்யணும் என்று தெரியாத பிள்ளைதான் பயப்படும்.

எனக்கு ஏழு வயதில் ஒரு ராத்திரி வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போனார், அம்மா தம்பியோடு வேறு பக்கம். எங்கே போகிறோம் என்று கேட்டேன். 'சும்மா இரு' என்றார். அம்மாவும் தம்பியும் செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இரண்டு தெரு தள்ளி ஒரு மொட்டைமாடியில் பத்திரமாக இருந்திருக்கிறார்கள். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரி எனக்கு இருந்திருக்காது.

'அஞ்சு வயசுல என்ன புரியும்?' என்பார்கள். இந்தோனேசியாவில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் சுனாமி வந்து நிறையப் பேரைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் அங்கே வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் 'ஸ்மோங்' (சுனாமிக்கு அவர்கள் சொல்லும் பெயர்) வருகிறது, மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்த அந்தத் தீவில் ஏறக்குறைய 78,000 பேர் இருந்தார்கள். இறந்தது 7 பேர். தூங்கவைக்கும்போது பாடுகிற பாட்டில் வந்த விஷயம் இது, அவர்கள் பிள்ளைகளுக்கும் பிஞ்சு மனசுதான்.

'பெரியவங்க நாங்க பார்த்துக்க மாட்டோமா?' எப்போதும் நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா? 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலம் ஆடியது மதியம் 2:46க்கு. கமைஷி நகரத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள், அடுத்து சுனாமி வரும் என்று, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். பிழைத்தார்கள். அப்பா அம்மா வரட்டும் என்று காத்திருக்கவில்லை, அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

ஒரு குழந்தை ராத்திரி அழுததாம். சரி, அது எனக்கும் வருத்தம்தான், அந்த அம்மாவிடம் தனியாகப் பேசிவிட்டேன். ஆனால் இடிந்த கட்டடம் ஒன்றைக்கூட நான் காட்டவில்லை, எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லவில்லை. 'இதெல்லாம் எப்போதாவதுதான் வரும், வந்தா நமக்கு என்ன செய்யணும்னு தெரியும்' என்றுதான் தொடங்கினேன். அழுத குழந்தை என்ன கேட்டது என்று யாராவது விசாரித்தீர்களா? 'அம்மா, நான் ஸ்கூல்ல இருக்கும்போது வந்தா நீ எங்க வருவ?' என்று கேட்டிருக்கிறது. எவ்வளவு சரியான கேள்வி! அதற்குப் பதில் சொல்லாமல் 'பேசாம தூங்கு' என்றால் அழாமல் என்ன செய்யும்? நானும் அதைத்தானே கேட்டேன் அன்றைக்கு, அப்பாவின் தோளில் இருந்துகொண்டு.

சனிக்கிழமை மறுபடி உட்காருகிறோம். அனுப்ப விருப்பமில்லாதவர்கள் அனுப்ப வேண்டாம். அந்தக் குழந்தையை மட்டும் அனுப்புங்கள், நீங்களும் கூட வந்து உட்காருங்கள். எங்கே வந்து கூட்டிப்போவீர்கள் என்று அதன் கண்ணைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.